மருத்துவரின் இரண்டு நிமிடமும் நோயாளியின் மூன்று மாதமும்

நமது மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் நீரிழிவு நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட நாளன்று, பொழுது விடிந்த சிறிது நேரத்திலேயே வரிசை தொடங்கிவிடுகிறது. பதிவுச் சீட்டுக்கு ஒரு வரிசை, இரத்தம் எடுக்குமிடத்தில் ஒரு வரிசை, மருத்துவரின் அறைக்கு வெளியே ஒன்று, மருந்து வழங்கும் சாளரத்தின் முன் மற்றொன்று. இவ்வளவையும் கடந்து மருத்துவரின் எதிரே அமரும் நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ஆரம்ப நிலை மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைப் பற்றி 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி, 2017-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வெளியாயிற்று. ஸ்வீடனில் இந்நேரம் சராசரியாக 22.5 நிமிடம் என்றும், வங்க தேசத்தில் 48 விநாடி என்றும் அது தெரிவித்தது. இந்தியாவைப் பற்றி அதில் காணப்பட்ட அளவு ஏறத்தாழ இரண்டு நிமிடம்.

இந்த நேரத்தை உடனே நீட்டிப்பது எளிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாடெங்கும் நடத்தப்பட்டு, 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு, 2021-ஆம் ஆண்டு நிலவரப்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. வயது வந்தோரில் இது 11.4 சதவீதம், நகர்ப்புறங்களில் 16.4, கிராமப்புறங்களில் 8.9. இத்தனை பேரும் ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறை மருத்துவரைக் காணவேண்டியவர்கள். மருத்துவர்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் பெருகப் போவதில்லை. ஆகவே இருக்கின்ற நிமிடங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இப்போது ஆராயத்தக்க கேள்வி. அதற்கான விடையில் பெரும்பகுதி மருத்துவரின் அறைக்கு வெளியே, சந்திப்பு நாளுக்கு முந்திய வாரத்தில், நோயாளியின் வீட்டில் இருக்கிறது.

மருத்துவச் சேவையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் விளக்கினார். நீரிழிவைப் பொறுத்தவரை இதன் மறுபக்கமும் உண்டு. காய்ச்சலுடன் வருபவரின் உடலைத் தொட்டும், மார்பில் குழல் வைத்துக் கேட்டும் மருத்துவர் பலவற்றை அறிந்துகொள்ள முடியும். நீரிழிவுக்காரர் கடந்த மூன்று மாதங்களில் எத்தனை நாள் மாத்திரையை விட்டார், எந்த வேளையில் கை நடுங்கி வியர்த்தது, இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்தார் என்பன அவருக்கு மட்டுமே தெரிந்த செய்திகள். ஓராண்டின் 8,760 மணி நேரத்தில் அவர் மருத்துவமனையில் இருப்பது மிகச் சிறு பகுதி. எஞ்சிய நேரமெல்லாம் சிகிச்சையை நடத்துபவர் அவரே. அந்தச் செய்திகள் மருத்துவரைச் சென்றடையாவிட்டால், எவ்வளவு திறமையான மருத்துவரும் ஊகத்தின் பேரிலேயே மருந்து எழுத வேண்டியிருக்கும்.

மறைக்கப்பட்ட உண்மையின் விலை

ஒரு கட்டடத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு முப்பது நாளைக்கு மாத்திரை தரப்பட்டது. மறுமுறை மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் வேறு. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கி, மாத்திரையை நாற்பத்தைந்து நாளுக்கும் மேலாக நீட்டிவிடுகிறார். பரிசோதனையில் சர்க்கரை அளவு ஏறியிருக்கிறது. “மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?” என்று மருத்துவர் கேட்கிறார். “ஆமாம் ஐயா” என்கிறார் இவர். எழுதிய அளவு போதவில்லை என்று முடிவு செய்யும் மருத்துவர், அளவைக் கூட்டுகிறார் அல்லது மற்றொரு மருந்தைச் சேர்க்கிறார். அடுத்த மாதம் கையில் காசு இருக்கிறது; உள்ளூர்ச் சுகாதார நிலையத்திலேயே மருந்தும் கிடைக்கிறது. கூட்டப்பட்ட அளவை நாள் தவறாமல் உட்கொள்ளும் அவருக்கு, நண்பகலுக்கு முன் சாரத்தின் மேல் நிற்கையில் கண் இருளுகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதே தாழ்சர்க்கரை நிலை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையும் இன்சுலினையும் பயன்படுத்துவோருக்கு இது நேரக்கூடியது. தரையில் இருப்பவர் சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தேறிவிடலாம். சாரத்தின் மேல் இருப்பவருக்கு அந்த அவகாசம் கிடைப்பது அரிது.

இங்கு பிழை யாருடையது என்று கேட்பதில் பயனில்லை. எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாத்திரையை விட்டதாக ஒப்புக்கொண்டால் வசவு கிடைக்கும் என்று கண்ட நோயாளி, அடுத்த முறை உண்மை பேசமாட்டார். கடிந்துகொள்ளும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் நெடுநாளாக வேரூன்றிய ஒன்று. “மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போகிறது?” என்று, விடுபடுவது இயல்பு என்னும் தொனியில் கேட்கும் மருத்துவரும் செவிலியும் உண்மையான விடையைப் பெறுகிறார்கள்.

மற்றொரு வகை மறைப்பும் உண்டு. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, இனிப்பைத் தொடாமல் இருந்து, நல்ல எண்ணோடு மருத்துவர் முன் நிற்பது. பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்றதும் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் போன்றது இது. வெறும் வயிற்று இரத்தத்தில் இந்த உபாயம் ஓரளவு பலிக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி பரிசோதனையில் பலிக்காது. சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்ட விகிதத்தை அது அளக்கிறது. அணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் ஆதலால், இரண்டு மூன்று மாதங்களின் வரலாறு அதில் பதிந்திருக்கும். பலருக்கு இது 7 சதவீதத்துக்குக் கீழ் இருக்கவேண்டும் என்பது பொதுவான இலக்கு. முதியோருக்கும் வேறு கடும் நோய்கள் உடையோருக்கும் இலக்கு தளர்த்தப்படும். இப்பரிசோதனையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் இந்த எண் உள்ளதைவிட உயர்ந்து காணலாம். அண்மையில் இரத்தம் இழந்தவருக்கும், சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோயுடையவருக்கும் குறைந்து காணலாம். சோகை மலிந்த நம் நாட்டில், குறிப்பாகப் பெண்கள், தங்களுக்குச் சோகை இருப்பதையும், இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் அதனையும் மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும்.

முந்திய வாரம்

வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்போர் தொகை பெருகி வருகிறது. கருவியின் விலையைவிட, ஸ்டிரிப் எனப்படும் சோதனைப் பட்டைகளின் தொடர்செலவே குடும்பங்களுக்குச் சுமை. அதனால் பெரும்பாலோர் நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து, ஒரே வகையான செய்தியைத் திரும்பத் திரும்பச் சேகரிக்கின்றனர். மாத்திரை மட்டும் உட்கொள்பவரிடம் ஆறு பட்டைகளே உள்ளன என்றால், அவற்றைச் செலவிட இதைவிடச் சிறந்த வழி உண்டு. சந்திப்புக்கு முந்திய வாரத்தில் ஒருநாள் காலை உணவுக்கு முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும், மற்றொரு நாள் பகலுணவுக்கு முன்னும் பின்னும், வேறொரு நாள் இரவுணவுக்கு முன்னும் பின்னும் பார்த்துக் குறித்துவைத்தால், எந்த வேளையில் சர்க்கரை மிகுதியாக ஏறுகிறது என்பது அந்த ஆறு எண்களிலேயே புலப்படும். இரண்டு மணி நேரம் என்பதை முதல் கவளத்திலிருந்து கணக்கிட வேண்டும். எண்ணுக்கு அருகில் உண்டது இன்னதென்று இரண்டொரு சொல் எழுதினால் போதும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இவ்வளவு போதாது. மருத்துவர் கூறிய முறைப்படி அவர் அடிக்கடி பார்க்கவேண்டியவர். கருவியையும் உடன் கொண்டுசெல்வது நலம். மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும் வேளையிலேயே விரல்நுனியிலும் சோதித்து ஒப்பிட்டால், கருவியை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

ஏ1சி, சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியாட்டினின், கொழுப்பு ஆகிய பரிசோதனைகள் எழுதித் தரப்பட்டிருந்தால், சந்திப்பு நாளுக்குச் சில நாள் முன்பே அவற்றைச் செய்து முடிவைப் பெற்றுவிட வேண்டும். முடிவு வராமல் மருத்துவரைக் காண்பது, சாட்சி வராத நாளில் வழக்கு நடத்துவது போன்றது, வாய்தாதான் கிடைக்கும். அந்த வாய்தாவின் விலை இன்னுமொரு நாள் கூலி.

பையில் இருக்க வேண்டியவை

மருந்தின் பெயரைக் கேட்டால் “வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் ஒன்று” என்பதே பெரும்பாலோரின் விடை. ஒரே மருந்து பல நிறுவனங்களால் பல பெயர்களில் விற்கப்படும் நாடு இது. அரசு மருத்துவமனையில் ஒரு பெயரிலும் தனியார் மருத்துவரிடம் வேறொரு பெயரிலும் பெற்ற ஒரே மெட்ஃபார்மினை இரட்டிப்பாக விழுங்குவோர் உண்டு. ஆகவே மாத்திரைகளை அட்டையோடு கொண்டுசெல்வதே பாதுகாப்பு. இரத்த அழுத்தம், மூட்டு வலி, தைராய்டு ஆகியவற்றுக்கான மருந்துகளும், சித்த, ஆயுர்வேத மருந்துகளும், அண்டைவீட்டார் கொடுத்த சூரணமும் அப்பையில் இடம்பெற வேண்டும். வலிக்கு மருந்தென்று விற்கப்படும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், எந்தப் பத்தியமும் சர்க்கரையை இறக்காது; அதன் காரணமும் கண்டுபிடிக்கப்படாமலே போகும்.

இன்சுலின் பயன்படுத்துவோர் மருந்துக் குப்பியையும் ஊசியையும் சேர்த்தே எடுத்துச் செல்வது இன்றியமையாதது. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் இன்சுலின் உள்ளது. பேனா வடிவ ஊசிகளில் இடும் குழல்களிலும், சில குப்பிகளிலும் 100 யூனிட் உள்ளது. சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இருவகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுக்க, நோயாளியும் வாங்கிச் சென்றால் என்ன ஆகும்? 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் ‘20’ என்ற கோடு வரை உறிஞ்சினால், உடலுக்குள் செல்வது 8 யூனிட்டே. மாறாக 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் ‘20’ வரை எடுத்தால், செல்வது 50 யூனிட். முதலாவதில் சிகிச்சை பலிக்காது. இரண்டாவதில் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் மேசைமீது வைத்து, வழக்கமாக ஊசியில் எடுக்கும் அளவை எடுத்துக் காட்டச் சொன்னால் அரை நிமிடத்தில் பிழை வெளிப்பட்டுவிடும். ஊசி குத்தும் இடத்தில் கட்டியோ தடிப்போ இருந்தால் அதையும் காட்ட வேண்டும்; ஒரே இடத்தில் தொடர்ந்து குத்துவதால் விளைவது அது, இன்சுலின் அங்கிருந்து சீராக உடலில் சேராது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மருந்தை எங்கே வைக்கிறார்கள் என்பதையும் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். ஈர மணலில் பதித்த மண்பானை கோடையில் ஓரளவு உதவும். உறைபனிப் பகுதியில் வைத்து உறைந்துபோன இன்சுலின் எதற்கும் உதவாது.

பழைய சீட்டுகள், பரிசோதனை முடிவுகள், மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது தந்த சுருக்கம் ஆகியவற்றை ஆண்டு வரிசைப்படி ஒரே உறையில் வைப்பது பழைய முறைதான். 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கத்தின் கீழ், 14 இலக்க நலவாழ்வுக் கணக்கு எண்ணுடன் ஆவணங்களை இணைக்க வகை செய்யப்பட்டுள்ளது. சிற்றூர் முதல் பெருநகர் வரை எல்லா மருத்துவமனைகளும் அதில் முழுமையாக இணையும் காலம் வரையில், காகித உறையைக் கைவிடுவது அறிவுடைமையாகாது.

வெறும் வயிற்றில் புறப்படும் காலை

சந்திப்பு நாளின் மிகப்பெரிய இடர் பயணத்திலேயே தொடங்குகிறது. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டுமென்று சொல்லப்பட்டிருக்கிறது. நோயாளி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வழக்கப்படி மாத்திரையை விழுங்கிவிட்டு அல்லது இன்சுலினைப் போட்டுக்கொண்டு, எதுவும் உண்ணாமல் பேருந்து ஏறுகிறார். ஒன்பது மணிக்கு இரத்தம் எடுப்பதற்குள் வரிசையிலேயே மயங்கி விழுகிறார். மருந்து சர்க்கரையை இறக்கும். இறக்குவதற்கு வயிற்றில் ஏதுமில்லை. ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்று சீட்டில் எழுதுவோர், ‘மருந்தும் போடாமல் வரவும்’ என்று சேர்த்து எழுதாமையால் நேரும் விபத்து இது.

முறை எளியது. முன்னிரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளலாகாது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். காலை மாத்திரையையும் உணவோடு போடும் இன்சுலினையும் கையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பின், கட்டிக்கொண்டு வந்த உணவுடன் வழக்கம்போல் எடுத்துக்கொள்ள வேண்டும். உணவுக்குப் பின்னான பரிசோதனையின் நோக்கம், வழக்கமான உணவும் வழக்கமான மருந்தும் சேர்ந்து என்ன விளைவைத் தருகின்றன என்று காண்பதே. அன்று மட்டும் மருந்தை விட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. இரவில் நீண்டநேர இன்சுலின் போடுவோர் முதல்நாள் அளவைத் தாமாகக் குறைக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ இருத்தல் அவசியம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் பரிசோதனை கெட்டுவிடுமே என்று தயங்காமல், 15 கிராம் அளவு, அதாவது மூன்று தேக்கரண்டி, கரைத்துக் குடித்துவிட வேண்டும். பரிசோதனையை மற்றொரு நாள் செய்துகொள்ளலாம்.

கண் பரிசோதனையும் அன்றே இருக்குமானால் துணைக்கு ஒருவர் தேவை. விழித்திரையைப் பார்ப்பதற்கு இடும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும். இரு சக்கர வண்டியில் தனியே திரும்ப இயலாது. இதைச் சொல்லாமல் விட்டதால் பரிசோதனையையே தள்ளிப்போடுவோர் பலர். நீரிழிவால் கண்ணுக்கு வரும் கேடோ, பெரும்பாலும் முற்றிய பின்னரே பார்வையில் தெரிவது.

எதை முதலில் சொல்வது?

இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் பேச முடியாது. தமக்கு முதன்மையான மூன்று செய்திகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அமர்ந்தவுடன் அதனைச் சொல்லிவிடுவது சிறந்தது. எழுதத் தெரியாதவருக்கு வீட்டிலுள்ள பள்ளி மாணவரோ ஊரிலுள்ள ஆஷா பணியாளரோ எழுதித் தரலாம். எழுந்து கதவருகே சென்ற பின் “இன்னொன்று ஐயா” என்று தொடங்கும் செய்தியே பல சமயங்களில் முக்கியமானதாக இருக்கிறது. காலில் ஆறாத புண், நடக்கையில் மார்பில் அழுத்தம், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் ஆகியன முதலில் சொல்லத்தக்கவை. நீரிழிவு உடையோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதால் இருமலை அற்பமாகக் கருதலாகாது. வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஆண்மைக் குறைவு, பிறப்புறுப்பில் அரிப்பு போன்றவற்றைத் தாளில் எழுதி நீட்டிவிடலாம். கருத்தரிக்க விரும்பும் பெண் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் தரப்படும் சில மருந்துகளை அதற்குமுன் மாற்றியாக வேண்டும்.

காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு அமர்வது ஒரு சிறிய உத்தி. கண்ணெதிரே தெரியும் பாதத்தை மருத்துவர் பாராமல் விடுவது அரிது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்திருந்தாலும் உரியவருக்குத் தெரியாது. காலையே இழக்கச் செய்யும் புண்கள் பல இவ்வாறு தொடங்கியவை.

நோன்புகளைப் பற்றி நம் நாட்டில் தனியே குறிப்பிட வேண்டும். ரமலான் நோன்பு இருக்க எண்ணுபவர், அதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காணுமாறு சந்திப்பை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ அறிஞர்களின் பரிந்துரை. நவராத்திரி ஒன்பது நாளும் விரதம் இருக்கும் வட இந்தியப் பெண்களுக்கும், ஏகாதசி, சஷ்டி விரதக்காரர்களுக்கும் இதே நெறி பொருந்தும். “விரதம் கூடாது” என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவர்கள் விரதமும் இருப்பார்கள், மருந்தையும் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வார்கள்.

எழுந்திருக்குமுன், மருத்துவர் சொன்னதை நோயாளி தம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்வது நல்ல வழக்கம்: எந்த மாத்திரை நின்றது, எது புதிது, உணவுக்கு முன்பா பின்பா, எந்த அறிகுறி கண்டால் காத்திராமல் வரவேண்டும். மருந்துச் சாளரத்தில் மாத்திரையின் நிறமோ அளவோ மாறியிருந்தால் அங்கேயே மருந்தாளுநரைக் கேட்டுவிட வேண்டும்.

நிர்வாகத்தின் பங்கு

நோயாளியை மட்டும் ஆயத்தப்படுத்துவது அரைப்பணி. 2010-ஆம் ஆண்டில் 100 மாவட்டங்களில் தொடங்கி நாடு முழுதும் விரிந்த தேசியத் திட்டத்தின் கீழ், மாவட்ட மருத்துவமனைகளிலும் சமுதாய நல நிலையங்களிலும் தொற்றா நோய்களுக்கான பிரிவுகள் அமைந்துள்ளன. துணை நிலையங்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் 2018 முதல் நலவாழ்வு மையங்களாக மாற்றப்பட்டு, 2023 முதல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயர் பெற்றன. கட்டமைப்பு இருக்கிறது, அதன் நிலைகளுக்கிடையே வேலைப் பகிர்வு இன்னும் செம்மைப்பட வேண்டும். மருந்து வாங்க மட்டும் வருபவரும், சிகிச்சையை மறுஆய்வு செய்ய வருபவரும் ஒரே வரிசையில் நிற்பதே நெரிசலுக்குப் பெருங்காரணம். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது, நிலையான நோயாளிகளுக்கு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் தரலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மருந்தை வீட்டுக்கே கொண்டுசென்றது. மருந்துக்காக வருவோர் குறைந்தால், அறைக்குள் இருப்பவருக்கு நிமிடங்கள் கூடும். ஆனால் மருந்து வீடு தேடி வருவதால் ஆண்டுப் பரிசோதனைக்கே வராமல் இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. வீட்டுக்குச் செல்லும் பணியாளர் அடுத்த பரிசோதனைத் தேதியையும் கேட்டுக் குறித்தால் இது தவிர்க்கப்படும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை வேறு சிலவும் உண்டு. வரிசையில் நிற்கும் நேரத்தில் செவிலி ஒருவர் எடை, இரத்த அழுத்தம் பார்த்து, விடுபட்ட மாத்திரைகளைக் கேட்டுச் சீட்டின் மேற்புறத்தில் எழுதிவிடலாம். இரத்தம் கொடுத்தவர்கள் உண்பதற்கு நிழலும் குடிநீரும் உள்ள ஓரிடம் ஒதுக்கலாம். எல்லோரையும் எட்டு மணிக்கு வரச்சொல்லாமல், தொலைவிலிருந்து வரும் ஊர்களுக்குப் பத்து மணி என்று பிரித்துத் தரலாம். அடுத்த தேதியைக் குறிக்கும் எழுத்தர், அறுவடை நாளா, சந்தை நாளா என்று நோயாளியைக் கேட்டுவிட்டு எழுதலாம்.